எதை விடட்டும் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, தூக்கம் உண்டா, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள்கிறாயா? இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் என் பழக்கம். இன்றைக்கு அந்த வரி வரவில்லை, பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறேன். நான் சௌக்கியம். அம்மாவைப் பற்றிப் பிறகு வருகிறேன், பயந்துவிடாதே, படுக்கையில் விழவில்லை, நடமாடிக்கொண்டும் என்னைத் திட்டிக்கொண்டும்தான் இருக்கிறாள். போனில் பேசாமல் இந்த மனிதர் எதற்குக் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போன் என்றால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அம்மா என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், மெசேஜ் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள், அவள் காதுக்கும் கண்ணுக்கும் தப்பி உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. பயிற்சி மைதானத்தின் ஓரமாகக் காரை நிறுத்தி, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் மேல் அட்டையைச் சாய்த்து எழுதுகிறேன். அடுத்த பாடத்துக்கு வர வேண்டிய பெண்மணி இன்னும் வரவில்லை, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஹாரன் அடிக்கிறவர் என்று சொன்னேனே, அவர்தான். எழுதி முடித்ததும் எங்கள் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்து அவள் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன், தபாலில் போட்டால் வந்து சேர்வதற்குள் நீ பதில் சொல்ல வேண்டிய நாள் போய்விடும். கையெழுத்து கோணலாக இருந்தால் ஸ்டீயரிங்கைத் திட்டு, என்னைத் திட்டாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. நீயே சொல்லுப்பா, எதை விடட்டும் என்றாய். பாப்பா, செருப்பு வாங்குவதற்குக்கூட நீ எங்களைக் கேட்டதில்லை. மருந்தியல் படிக்கப் போகிறேன் என்று எங்களுக்குத் தகவல்தான் சொன்னாய், கடல் தாண்டிப் போகிறேன் என்பதும் தகவல்தான், அதையெல்லாம் நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டோம். அப்படிப்பட்டவள் முதல்முறையாக ஒன்று கேட்கிறாய், எனக்கோ பதில் சொல்லத் துப்பில்லை. காலையில் ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுண்டர், மதியத்துக்கு மேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி என்று பாதிப் பாதியாக உனக்குக் கொடுத்திருந்த வேலை இத்தனை நாள் ஓடியதே பெரிது என்கிறாய். இப்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் முழு நேரமும் எங்களிடமே வந்துவிடு என்கிறார்கள், உன் பேராசிரியரோ முழுதாக இங்கே வா, இல்லையென்றால் இடத்தைக் காலி செய் என்கிறார், மாதம் முடிவதற்குள் இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நானே உன்னை எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன். இன்றைக்கு எந்தக் காலை எடு என்று சொல்லத் தெரியவில்லை. உன் வேலையே எனக்கு முழுசாகப் புரிந்ததில்லை என்பது உனக்கே தெரியும். யாராவது கேட்டால், காலையில் மருந்து கொடுக்கிறாள், மதியம் அந்த மருந்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்று கண்டுபிடிக்கிறாள் என்பேன். அதற்கு ஒருத்தர், அப்போ பொண்ணு போலீஸ்ல இருக்குதா சார் என்று கேட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் அதைச் சொன்ன அன்றைக்கு நீ அழுதாய். ஒரு பெரியவர் மாதாமாதம் உன் கவுண்டருக்கு வருவார், நீ ஒவ்வொரு மாத்திரையாக விளக்குவாய், அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார், அப்புறம் ஒருநாள் அவர் வரவில்லை, அவர் மனைவி வந்தார், கையில் ஒரு பை, பை நிறைய நீ கொடுத்த அதே மாத்திரைகள், பிரிக்காமல் அப்படியே. அவர் போயிட்டார், இது வேற யாருக்காவது உதவும்னா குடுத்துடுங்கம்மா என்று அந்த அம்மாள் சொன்னதாகச் சொன்னாய். அன்றைக்குத்தானே நீ ஆராய்ச்சிப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்தாய். கவுண்டரில் நின்றிருக்காவிட்டால் அந்தப் பை உன் கைக்கு வந்திருக்காது, ஆராய்ச்சி இல்லாவிட்டால் அந்தப் பையை வைத்துக்கொண்டு அழுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்திருக்க முடியாது. இதனால்தான் இரண்டும் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாய் என்பது வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற எனக்கே புரிகிறது, அங்கே இருக்கும் படித்தவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று தெரியவில்லை.

பெரிய ஆராய்ச்சிக்கு முன்னால் சின்னதாக ஒன்று செய்து பார்க்க வேண்டும், நம் ஊரில் வயதானவர்கள் கொஞ்சம் பேர் கிடைப்பார்களா என்று நீ கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பூங்காவில் காலையில் என்னோடு நடக்கிற கூட்டம் மொத்தத்தையும் பிடித்து வந்தேன். எல்லோரும் பிரஷர் மாத்திரைக்காரர்கள், ஆளாளுக்கு உன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார்கள். பாதிப் பேருக்கு நீ வீடியோவில் வந்து மாத்திரையைப் பற்றிப் பொறுமையாகப் பேசுவது, மீதிப் பேருக்குப் பேசாமல் விடுவது, பிறகு மாதாமாதம் எல்லோரும் மாத்திரை அட்டையை வீடியோவில் காட்டுவது, எத்தனை மிச்சம் என்று நீ எண்ணிக்கொள்வது, இவ்வளவுதானே. அம்மாவும் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், வீட்டு ஆளைக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஒத்திகைக்கு வேண்டுமானால் வச்சுக்கறேன் என்று நீ சிரித்தாய். முதலில் அவளோடுதான் பேசினாய். அன்றைக்கு அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நீ கவனித்தாயோ என்னவோ. நீ பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, எவ்வளவு அழகா சொல்றா பாருங்க, டாக்டர்கூட இப்படி சொன்னதில்லை என்றாள். அன்று முழுக்க அவள் தையல் மெஷின் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அப்புறம் நடந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். நீ பேசியவர்களும் சரியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், நீ பேசாதவர்களும் சரியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், முதல் மாதம் ஒருவரைத் தவிர யாரிடமும் ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை, அதைப் பார்த்துவிட்டு உன் பேராசிரியர், அப்படியானால் கவுண்டரில் நின்று பேசுவதால் ஒரு பயனும் இல்லை என்றுதானே ஆகிறது என்று கேட்டுவிட்டார். ஒரு கையால செஞ்சது இன்னொரு கைய வெட்டிடுச்சுப்பா என்றாய். ஆராய்ச்சியை விட்டுடலாம்னு தோணுது, கவுண்டர்லயும் இனிமே மாத்திரைய எடுத்துக் குடுத்துட்டு வாய மூடிட்டு இருந்துடுவேன் என்றாய். உன் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். வழக்கமாக நடுவில் பேசி என்னைப் பேசவிடாதவள் அன்றைக்கு எழுந்து உள்ளே போய்விட்டாள், மகள் வருத்தப்படுவது தாங்காமல் போகிறாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை என் சட்டையில் ஒரு பொத்தான் போய்விட்டது. சட்டை திருத்தக் கொடுத்தவர்கள் வீட்டுக்கு அம்மா போயிருந்தாள். நாமே தைத்துக்கொள்வோம், கை என்ன தேய்ந்தா போய்விடும் என்று அவளுடைய பொத்தான் டப்பாவை எடுத்துக் கட்டிலில் கொட்டினேன். பொத்தானோடு பொத்தானாக மாத்திரைகள் பாப்பா. வெள்ளையாக, சின்னதாக, சட்டைப் பொத்தான் அளவே. முதலில் ஓட்டை இல்லாத பொத்தான் எதற்கு என்றுதான் நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான். விரலில் மாவு ஒட்டிய பிறகுதான் உறைத்தது. நீ பேசிய அன்றிலிருந்து ஒன்றுகூட அவள் விழுங்கவில்லை போலிருக்கிறது, அவ்வளவு இருந்தது. மாதாமாதம் வீடியோவில் உனக்குக் காலி அட்டையைக் காட்டினாளே, அதற்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து இதில் போட்டிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இவள் பொத்தானில் மறைத்திருக்கிறாள், நானும் அதே வீட்டில்தான் குப்பை கொட்டிக்கொண்டு இருக்கிறேன்.

வந்தவளிடம் கேட்டேன். முதலில் என் டப்பாவ யாரு தொடச் சொன்னது என்று சண்டைக்கு வந்தாள், அப்புறம் உட்கார்ந்து அழுதாள். அந்த மாத்திரை போட்டால் கால் வீங்குகிறதாம், கணுக்கால் திம்மென்று ஆகிவிடுகிறதாம், மெஷின் பெடலை மிதிக்க முடியவில்லையாம். நீ பேசிய முதல் வாரமே நிறுத்திவிட்டாளாம். பாப்பாவிடம் சொல்லியிருந்தால் வேறு மாத்திரைக்கு வழி சொல்லியிருப்பாளே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவ அவ்வளவு ஆசையா விளக்கினா, நான் எப்படிங்க எனக்கு ஒத்துக்கலன்னு சொல்றது, சொந்த அம்மாவே சாப்பிடலன்னா அவ மனசு என்ன பாடுபடும், நாலு பேரு அவள என்ன நினைப்பாங்க என்றாள். சரி, சாப்பிடாததைத் தூக்கியாவது போட்டிருக்கலாமே, டப்பாவில் எதற்குச் சேர்த்து வைத்தாய் என்று கேட்டால், பாப்பா பொழப்பே மருந்து, அதப் போயி குப்பையில போட எனக்குக் கை வரலங்க என்கிறாள். கோபப்படவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பிரஷர் இறங்கவே இல்லை என்று நம் கிளினிக் டாக்டர் போன தடவை மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிட்டார், விழுங்காத மாத்திரை எப்படி இறக்கும் என்று அவருக்கு யார் சொல்வது. அந்தப் பெரிய மாத்திரையும் டப்பாவுக்குத்தான் போகிறது. உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், பின்தலை கனமாக இருக்கிறது என்கிறாள், நான் கேட்டால் வெயில் என்கிறாள். வா, டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று தினமும் கூப்பிடுகிறேன், திட்டுவார், வரமாட்டேன் என்கிறாள். இத்தனை நாள் ஒன்றும் சாப்பிடாதவள் திடீரென்று பெரிய மாத்திரையை விழுங்கினால் என்ன ஆகுமோ என்று, விழுங்கு என்று கட்டாயப்படுத்தவும் எனக்குப் பயமாக இருக்கிறது. தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம் கேட்கலாம் என்று போனேன், பின்னால் நாலு பேர் நின்றார்கள், இருமல் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். எனக்கு இருமலே இல்லை.

மறுநாள் பூங்காவில் கண்டக்டரைத் தனியாக ஓரம் கட்டிக் கேட்டேன். நீ வீடியோவில் பார்த்திருப்பாய், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரையும் உள்ளே தள்ளிப் போங்க என்றே பேசுகிறவர். நீங்களாவது உண்மையில் சாப்பிட்டீங்களா என்றேன். சிரிக்கிறார் பாப்பா. சார், உங்க பொண்ணு நம்ம பொண்ணு மாதிரி, அது நல்ல பேரு வாங்க வேண்டாமா, அதுவும் கணக்கு டாலி ஆகலன்னா எனக்குத் தூக்கம் வருமா, அது போன் பண்ணும்னு தெரிஞ்சா முதல் நாளே மிச்சத்தப் பிதுக்கிப் போட்டுடுவேன் என்றார். எங்களோடு நடக்க வருகிற பாட்டு டீச்சரிடம் கேட்டேன், அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, பாவம் அந்தப் பொண்ணு எங்கேயோ இருந்து கூப்பிடுது, நம்மளால அதுக்குத் திட்டு விழக் கூடாதில்ல என்றார். ஒருவர் மட்டும் முதல் மாதம் பாதி மாத்திரை மிச்சம் காட்டினார் என்று சொன்னாயே, நாங்கள் சிடுமூஞ்சி என்று கூப்பிடுகிறவர், அவரை மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து நன்றாக டோஸ் விட்டிருக்கிறார்கள், நம்ம வாத்தியார் பொண்ணு மானத்த வாங்கறியே என்று. அடுத்த மாதம் அவர் அட்டையும் காலி. அவர் ஒருத்தர்தான் உன்னிடம் உண்மையைச் சொன்னவர், அவரையும் திருத்திவிட்டார்கள். இவர்களில் யார் உண்மையிலேயே விழுங்கினார்கள், யார் உனக்காகப் பிதுக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றுகிறார்கள். ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் கொடுமை, கெட்ட எண்ணம் இருந்தால் சண்டையாவது போடலாம்.

அப்போதிலிருந்து இருதலைக் கொள்ளி எறும்பாகத் துடிக்கிறேன். உன்னிடம் சொன்னால் இவ்வளவு நாள் நீ கண் விழித்துப் போட்ட கணக்கெல்லாம் வீண், அதைப் பேராசிரியர் முன்னால் போய் நீதான் சொல்ல வேண்டும், அதுவும் உன் அப்பா சேர்த்துக் கொடுத்த ஆட்கள். சொல்லாமல் விட்டால் நீ பேசியதால் பயனில்லை என்று நம்பிக்கொண்டு இரண்டையும் விடப் போகிறாய். அம்மாவோ, பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, சொன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன் என்கிறாள். நான் இருமல் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். என் வண்டியில் என் காலுக்கடியில் ஒரு பிரேக் இருக்கிறது, தெரியுமில்லையா, ஓட்டுகிறவர் எங்கே கோட்டைவிட்டாலும் நான் மிதித்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் யாரையும் மோதவிட்டதில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. வீட்டில் எனக்கு அப்படி எதுவும் இல்லை. அம்மா தொண்டையில் ஒரு மாத்திரையை இறக்க என்னால் முடியவில்லை, அங்கே நீ எதை விடுவது என்று தவிக்கிறாய், அதற்கும் ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. இப்படி எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, அப்பா என்றால் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நீ எதிர்பார்ப்பாய்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் விட்டுவிடு. நீ பேசியதை அவர்கள் கேட்காமல் இல்லை. அம்மா நீ சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இன்னும் ஒப்பிக்கிறாள், எந்த வேளைக்கு எது, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது, எல்லாம். கேட்டுவிட்டு, உன்மேல் இருக்கிற பிரியத்தில் உனக்குப் பொய்க் கணக்குக் காட்டுகிறாள். அந்தப் பையைக் கொண்டுவந்த அம்மாளின் வீட்டுக்காரரும் உன்னிடம் தலையாட்டினாரே, அவருக்கும் கால் வீங்கியதோ என்னவோ, யார் கண்டது. இது உன் ஆராய்ச்சிக்கு உதவுமா, இல்லை அதை ஒரேயடியாகக் கவிழ்த்துவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ இரண்டு வேலையும் பார்க்கிறவள், உனக்குத்தான் தெரியும். அம்மாவிடம் மகளாகப் பேசாதே, பேசினால் சத்தியம் செய்துகூடப் பொய் சொல்வாள். கவுண்டருக்கு வருகிற முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் எப்படிக் கேட்பாயோ அப்படிக் கேட்டுப் பார். அதற்கும் அவள் சொல்வாளா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு வழி இருந்தால் நீ சொல், நான் செய்கிறேன், என்ன சொன்னாலும் செய்கிறேன்.

உடனே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடாதே, வந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்று எழுத ஆரம்பித்தேன், அதையும் எழுதக் கூடாது, வர வேண்டும் என்று தோன்றினால் வா. மத்தியானச் சாப்பாட்டை ஆஸ்பத்திரியில் இருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று சொன்னாயே, அதை மட்டுமாவது நிறுத்து, உட்கார்ந்து சாப்பிடு. இரண்டு இடத்துக்கும் ஒரே ஷூவைப் போட்டுத் தேய்க்காதே. உன் தம்பிக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவன் நேராக அம்மாவிடமே போய்க் கத்துவான். பதிலை என் போனுக்கு அனுப்பாதே, ஆபீஸ் பெண் போனுக்கே அனுப்பு, அவள் நல்ல பெண், படிக்க மாட்டாள், படித்தாலும் யாரிடமும் சொல்ல மாட்டாள். அதோ ஹாரன்காரப் பெண்மணி குடையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார், நான் என் பக்கத்து சீட்டுக்கு மாற வேண்டும்.

நீ எதை விட்டாலும், எதையும் விடாவிட்டாலும், நீ எங்கள் பிள்ளை. நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் மனக்குறை இல்லாமல் இரு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிடாதே, எனக்கும் அதற்குள் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
ஒன்றும் செய்யத் தெரியாத உன் அப்பா

பி.கு.: காலையில் கிளம்பும்போது உனக்கு எழுதப் போகிறேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். வாசல்வரை வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, இதைக் கட்டாயம் எழுதச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அவள் ரொம்ப நன்றாக இருக்கிறாளாம். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லையாம். நீ பேசிச் சொன்னதால்தான் இந்த ஒழுங்கு வந்ததாம், அதை உன் பேராசிரியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டுமாம்.